இரவல் வீரர்களின் கோப்பை: மைனர் லீக் ஐஸ் ஹாக்கி பிளே-ஆஃப் ஓர் அறிமுகம்

'மைனர் லீக்' என்றதும் பலருக்குச் சிறுவர்கள் ஆடும் ஆட்டம் என்றுதான் தோன்றுகிறது. அப்படி இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐஸ் ஹாக்கியையே தொழிலாகக் கொண்டவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடும் லீக் அது. ஏணியின் உச்சியில் நேஷனல் ஹாக்கி லீக், சுருக்கமாக என்.எச்.எல். இருக்கிறது, அங்கே வென்றால் ஸ்டான்லி கோப்பை. அதற்கு ஒரு படி கீழே அமெரிக்கன் ஹாக்கி லீக், சுருக்கமாக ஏ.எச்.எல். 1936இல் தொடங்கிய இந்த லீக்கில் இன்று 32 அணிகள். வென்றவருக்குக் கால்டர் கோப்பை. இன்னும் ஒரு படி இறங்கினால் இ.சி.எச்.எல்.; அங்கே கெல்லி கோப்பை.

இந்தக் கட்டுரை நடுப்படியைப் பற்றியது. கால்டர் கோப்பைக்கான பிளே-ஆஃப் எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் மைனர் லீக் ஹாக்கி முழுவதுமே புரிந்துவிடும். உதாரணத்துக்கு ஓர் அணியையே கடைசிவரை பிடித்துக்கொள்கிறேன்: பென்சில்வேனியா மாநிலத்தின் ஹெர்ஷி பேர்ஸ். ஆம், சாக்லேட்டுக்குப் பெயர்போன அதே ஹெர்ஷி. மில்டன் ஹெர்ஷி தன் சாக்லேட் தொழிற்சாலையைச் சுற்றி எழுப்பிய சிறு நகரம் அது. 1938இல் லீக்கில் சேர்ந்த அணி இன்றுவரை இடைவெளியே இல்லாமல் ஆடிவருகிறது. 13 முறை கோப்பை வென்றிருக்கிறது. வேறு எந்த அணியும் இத்தனை முறை வென்றதில்லை.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஃபிராங்க் கால்டர் என்பவர் என்.எச்.எல்.லின் முதல் தலைவர். அவர் பெயரில் இரண்டு பரிசுகள் உண்டு. என்.எச்.எல்.லில் சிறந்த புதுமுக வீரருக்குக் கொடுப்பது கால்டர் நினைவுப் பரிசு. ஏ.எச்.எல்.லில் வென்ற அணிக்குக் கொடுப்பது கால்டர் கோப்பை. செய்திகளில் இரண்டும் மாறி மாறி வரும், ஏமாறிவிட வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஏ.எச்.எல். அணி ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு தாய் அணி உண்டு. என்.எச்.எல்.லில் 32 அணிகள், ஏ.எச்.எல்.லிலும் 32 அணிகள், ஒன்றுக்கு ஒன்று. ஹெர்ஷியின் தாய் அணி வாஷிங்டன் கேபிடல்ஸ். இங்கே கவனிக்க வேண்டியது, ஹெர்ஷி அணிக்குச் சொந்தக்காரர் வாஷிங்டன் அல்ல; ஹெர்ஷி நகரத்து நிறுவனம்தான். அரங்கம் அவர்களுடையது, சீருடை அவர்களுடையது, டிக்கெட் விற்பதும் அவர்கள்தான். ஆனால் களத்தில் ஓடும் வீரர்களில் முக்கியமானவர்கள் வாஷிங்டனோடு ஒப்பந்தம் போட்டவர்கள். வாஷிங்டனில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் ஹெர்ஷியின் சிறந்த வீரர் அன்று மாலையே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஹெர்ஷியின் பயிற்சியாளர் அதைத் தடுக்க முடியாது. தடுக்க நினைக்கவும் மாட்டார். ஆட்களைத் தயார் செய்து மேலே அனுப்புவதுதான் அவர் வேலை.

லீக்கின் விதியே இதைச் சொல்கிறது. ஓர் ஆட்டத்துக்குக் கோல்கீப்பர்கள் நீங்கலாக 18 பேரைக் களமிறக்கலாம். அந்த 18 பேரில் 13 பேராவது 'வளரும் வீரர்கள்' என்ற கணக்குக்குள் வர வேண்டும். அதாவது தொழில்முறை ஆட்டங்களை அதிகம் ஆடியிராதவர்கள். அனுபவசாலிகளாகவே சேர்த்து ஒரு படையைக் கட்டிக் கோப்பையைத் தூக்கிவிட வழியில்லை. என்.எச்.எல். வீரர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஏ.எச்.எல். வழியாக வந்தவர்கள் என்பது சும்மா கிடைத்த பெருமை அல்ல.

அப்படியானால் இந்த அணிகளுக்குக் கோப்பை ஒரு பொருட்டா? இந்த ஒரு கேள்விதான் மைனர் லீக் பிளே-ஆஃபின் மையம். வீரர்கள் இரவல். அவர்களுடைய கனவு வேறு ஊரில் இருக்கிறது. ஆனால் அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் ரசிகர் இரவல் அல்ல. அவர் தாத்தா காலத்திலிருந்தே அந்த இருக்கையில் இருக்கிறார். இரண்டும் ஏப்ரல் மாதத்தில் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. அந்த மோதல்தான் என்னை இந்த லீக்கின் பக்கம் இழுத்தது.

யார் நுழைகிறார்கள்?

சீசன் அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடியும். ஒவ்வோர் அணிக்கும் 72 ஆட்டங்கள். வெற்றிக்கு 2 புள்ளி. ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரத்திலோ ஷூட்அவுட்டிலோ (வீரர்கள் ஒவ்வொருவராக வந்து கோல்கீப்பரைத் தனியே எதிர்கொள்வது) தோற்றால் 1 புள்ளி. 32 அணிகள் நான்கு பிரிவுகளாகப் பிரிந்திருக்கின்றன: அட்லாண்டிக், நார்த், சென்ட்ரல், பசிஃபிக். முதலிரண்டு பிரிவுகள் கிழக்கு மாநாடு, மற்ற இரண்டும் மேற்கு மாநாடு. 'மாநாடு' என்றால் அரசியல் கூட்டம் நினைவுக்கு வரும். இங்கே அது அணிகளின் தொகுப்பு, அவ்வளவுதான்.

32இல் 23 அணிகள் பிளே-ஆஃபுக்குள் வருகின்றன. இவ்வளவு பேரை விட்டால் என்ன மதிப்பு என்று கேட்கத் தோன்றும். 'வளர்ப்பது' என்ற நோக்கத்தை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். இருபது வயதுப் பையன் ஒருவனுக்கு உயிரைக் கொடுத்து ஆட வேண்டிய ஆட்டங்கள் எத்தனை கிடைக்கின்றனவோ அத்தனைக்கு அத்தனை நல்லது. மதிப்பை வேறொரு வழியில் காப்பாற்றுகிறார்கள்: மேலே முடித்தவர்கள் முதல் சுற்றை ஆட வேண்டாம். கீழே முடித்தவர்கள் மட்டும் மூன்று ஆட்டத் தொடர் ஒன்றில் மோதித் தங்களைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு கோணல் இருக்கிறது. பசிஃபிக் பிரிவில் 10 அணிகள். அவற்றில் 7 தகுதி பெறும், முதலிடத்துக்கு மட்டுமே முதல் சுற்று ஓய்வு. அட்லாண்டிக்கில் 8 அணிகள். 6 தகுதி பெறும், முதல் இரண்டு இடங்களுக்கும் ஓய்வு. 2022-23 சீசனில் ஹெர்ஷி 97 புள்ளிகளோடு அட்லாண்டிக்கில் இரண்டாவது. கலிஃபோர்னியாவின் கோச்செல்லா வேலி ஃபயர்பேர்ட்ஸ் 103 புள்ளிகளோடு பசிஃபிக்கில் இரண்டாவது. அதிகப் புள்ளி எடுத்தது கோச்செல்லா. ஓய்வு கிடைத்ததோ ஹெர்ஷிக்கு. இறுதித் தொடர் முடிந்தபோது ஹெர்ஷி 20 பிளே-ஆஃப் ஆட்டங்களும் கோச்செல்லா 26 ஆட்டங்களும் ஆடியிருந்தன. உடம்போடு உடம்பு மோதும் ஆட்டத்தில் ஆறு ஆட்ட வித்தியாசம் சின்ன விஷயமல்ல. இந்த அமைப்பு நியாயமானது என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் 72 ஆட்டங்களிலும் பிரிவு வரிசைக்காக அணிகள் ஏன் அப்படி அடித்துக்கொள்கின்றன என்பது இதிலிருந்து தெரிந்துவிடும்.

ஒரே ஆட்டம் ஏன் போதாது?

முதல் சுற்று மூன்று ஆட்டத் தொடர்; இரண்டை முதலில் வென்றவர் மேலே போவார். அடுத்த இரண்டு சுற்றுகளும் ஐந்து ஆட்டத் தொடர்கள். மூன்று வெற்றி வேண்டும். மாநாட்டு இறுதியும் கோப்பை இறுதியும் ஏழு ஆட்டத் தொடர்கள். நான்கு வெற்றி வேண்டும். தேவையான வெற்றி வந்ததும் தொடர் முடிந்தது. மீதி ஆட்டங்கள் நடக்காது.

கிரிக்கெட்டில் ஒரே ஒரு இறுதியாட்டத்துக்குப் பழகிய நமக்கு இது இழுவையாகத் தெரியலாம். ஆனால் ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதில் இருப்பது பக் என்ற கெட்டியான ரப்பர் வட்டு. அது ஐஸில் வழுக்கும். ஒருவர் காலணியில் பட்டுத் திசை மாறும், கம்பத்தில் மோதி உள்ளேயும் போகும் வெளியேயும் போகும். ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்குச் சராசரியாக மூன்று கோல்கள்தான் விழும். அவ்வளவு குறைவான கோல்களில் ஒன்று தற்செயலாக விழுந்துவிட்டால் முடிவே மாறிப்போகும். ஏழு ஆட்டம் ஆடினால் தற்செயல் கொஞ்சம் கரைந்துபோகும்.

சொந்த அரங்கத்தில் ஆடுவதற்கு ரசிகர் சத்தத்தைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. ஹாக்கியில் வீரர்கள் ஒரு நிமிடம்கூட ஆகாத சிறு சிறு பொழுதுகளாகக் களத்தில் இறங்கி ஏறிக்கொண்டே இருப்பார்கள். ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும்போது வெளியூர் அணி தன் ஆட்களை முதலில் இறக்க வேண்டும். அவர்கள் யார் யாரென்று பார்த்துவிட்டு உள்ளூர்ப் பயிற்சியாளர் தன் ஆட்களை இறக்கலாம். எதிரணியின் அபாயமான வீரர் மேல் தன் சிறந்த தடுப்பாளரை ஒவ்வொரு முறையும் ஏவிவிட முடியும். சீட்டாட்டத்தில் எதிராளி சீட்டைப் பார்த்துவிட்டு இறக்குவது போன்ற வசதி அது.

2023 இறுதியில் இந்த வசதி எப்படிப் பங்கிடப்பட்டது என்று பாருங்கள். ஹெர்ஷி அமெரிக்காவின் கிழக்கு ஓரம், கோச்செல்லா மேற்கு ஓரம். கடிகாரத்தில் மூன்று மணி நேர வித்தியாசம். அடிக்கடி பறக்க முடியாது என்பதால் 2-3-2 என்று வைத்தார்கள்: முதல் இரண்டு ஆட்டம் கோச்செல்லாவில், அடுத்த மூன்றும் ஹெர்ஷியில், கடைசி இரண்டு மறுபடி கோச்செல்லாவில். அந்த அரங்கம் இருப்பது பாலைவனத்தில். ஜூன் மாதத்தில் வெளியே வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். உள்ளே ஐஸ்.

முதல் ஆட்டத்தில் கோச்செல்லா 5-0. இரண்டாவதில் 4-0. ஹெர்ஷி ஒரு கோல்கூட அடிக்காமல் ஊர் திரும்பியது. தொடர் என்பதன் அருமை இங்கேதான் தெரியும். அந்த ஒன்பது கோல்களும் இரண்டே இரண்டு தோல்விகளாகத்தான் கணக்கில் ஏறின. மூன்றாவது ஆட்டத்தில் எண்ணிக்கை மறுபடி பூஜ்யம். ஹெர்ஷி தன் அரங்கத்தில் மூன்றையும் வென்றது, மூன்றும் ஒரு கோல் வித்தியாசத்தில். ஐந்தாவது ஆட்டம் கூடுதல் நேரத்தில் 1-0. ஆறாவதைக் கோச்செல்லா எடுத்தது. ஆக மூன்றுக்கு மூன்று.

2023 ஜூன் 21. ஏழாவது ஆட்டம், கோச்செல்லாவின் அரங்கத்தில். உள்ளூர் அணி 2-0 என்று முன்னேறியது. கானர் மெக்மைக்கேலும் ஹென்ட்ரிக்ஸ் லபியேரும் ஆளுக்கு ஒரு கோல் அடித்துச் சமன் செய்தார்கள். கூடுதல் நேரத்தின் 17வது நிமிடத்தில் மைக் வெக்கியோனி மூன்றாவதை அடித்தார். ஹெர்ஷிக்கு 12வது கோப்பை. அந்த வருடத்துப் பிளே-ஆஃபின் சிறந்த வீரருக்கான ஜாக் பட்டர்ஃபீல்ட் பரிசு கோல்கீப்பர் ஹண்டர் ஷெப்பர்டுக்குப் போனது.

இந்த நான்கு பெயர்களையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மைனர் லீக் அணி எப்படிச் சேர்கிறது என்பது இவர்களிடமே தெரிகிறது. மெக்மைக்கேல், என்.எச்.எல். அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களை முறைவைத்து எடுக்கும் வீரர் தேர்வில் 2019இல் வாஷிங்டன் முதல் சுற்றிலேயே எடுத்தவர். முந்தைய சீசனின் பெரும்பாலான ஆட்டங்களை வாஷிங்டனில் ஆடியவர். 2022-23இல் அங்கே இடம் கிடைக்காமல் ஹெர்ஷிக்கு வந்தார். லபியேர் அடுத்த வருடத்து முதல் சுற்றுத் தேர்வு. ஷெப்பர்டை எந்த என்.எச்.எல். அணியும் தேர்வில் எடுக்கவே இல்லை. மினசோட்டா துலூத் பல்கலைக்கழகத்துக்காக 2018, 2019 என்று அடுத்தடுத்து இரண்டு தேசியக் கல்லூரிப் பட்டங்களை வென்ற பின்னும் இ.சி.எச்.எல்.லில் சவுத் கரோலைனா அணியில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர். வெக்கியோனிக்கு அப்போது வயது முப்பது. அவர் என்.எச்.எல்.லில் ஆடிய ஆட்டங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஒருவர் சறுக்கி வந்தவர், ஒருவர் ஏறிக்கொண்டிருந்தவர், ஒருவரை யாரும் கேட்டிருக்கவில்லை, ஒருவருக்குக் காலம் கடந்துகொண்டிருந்தது. நால்வரும் ஒரே பெஞ்சில்.

கூடுதல் நேரம்

சாதாரண சீசன் ஆட்டம் சமனானால் பக்கத்துக்கு மூன்று வீரர்களை வைத்து ஐந்து நிமிடம் ஆடுவார்கள். அதிலும் தீராவிட்டால் ஷூட்அவுட். பிளே-ஆஃபில் இந்தச் சுருக்குவழி கிடையாது. முழு அணியோடு இன்னொரு 20 நிமிடம். முதல் கோல் விழுந்த கணமே ஆட்டம் முடிந்தது. விழாவிட்டால் ஐஸைச் சரிசெய்துவிட்டு இன்னும் ஒரு 20 நிமிடம். விழும் வரை இப்படியே.

எவ்வளவு தூரம் போகும்? 2018 மே 9 அன்று சார்லட் நகரில் லீஹை வேலி ஃபாண்டம்ஸ் அணியும் சார்லட் செக்கர்ஸ் அணியும் ஆடத் தொடங்கின. 60 நிமிடத்தில் 1-1. நான்கு கூடுதல் நேரங்கள் கோலில்லாமல் கழிந்தன. அதாவது இன்னொரு 80 நிமிடம். ஐந்தாவதில் 6 நிமிடம் 48 விநாடியில் லீஹை வேலியின் அலெக்ஸ் குருஷெல்னிஸ்கி கோல் அடித்தார். மொத்தம் 146 நிமிடம் 48 விநாடி. லீக்கின் சரித்திரத்திலேயே நீண்ட ஆட்டம். தேதி மே 10 ஆகிவிட்டிருந்தது. வென்ற அணியின் கோல்கீப்பர் அலெக்ஸ் லயன் தன்மேல் வந்த 95 அடிகளில் 94ஐத் தடுத்தார். ஒரு கோல்கீப்பர் ஒரு நாளில் முப்பது தடுத்தாலே நல்ல வேலை என்பார்கள்.

அந்த ஆட்டத்துக்குப் பெரிய தேசியத் தொலைக்காட்சி மேடை எதுவும் கிடையாது. அது இறுதிப் போட்டியும் அல்ல, ஒரு பிரிவுத் தொடரின் நான்காவது ஆட்டம். அரங்கத்தில் அந்த நேரத்தில் மிச்சமிருந்தவர்கள் மட்டும் கண்ணால் பார்த்தார்கள். கோப்பை இந்த வீரர்களுக்கு ஒரு பொருட்டா என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் அந்த 94 தான்.

கெடு நாள், காகித மாற்றம்

இனி பலருக்கும் புரியாத பகுதி. திடீரென்று மே மாதத்தில் ஒரு மைனர் லீக் அணி இரு மடங்கு பலமாகிவிடும். எப்படி?

மார்ச் வாக்கில் என்.எச்.எல்.லில் வீரர்களைக் கைமாற்றிக்கொள்ளும் கடைசி நாள் வரும். அந்தக் கெடு நேரத்தில் ஒரு வீரர் ஏ.எச்.எல். அணியின் பட்டியலில் இருந்தால்தான், பிற்பாடு மேலிருந்து இறங்கி வந்து கால்டர் கோப்பைப் பிளே-ஆஃபில் ஆட முடியும். ஆகவே என்.எச்.எல். அணிகள் நெடுங்காலம் ஒரு காரியம் செய்துவந்தன. மேலே ஆடிக்கொண்டிருக்கும் இளம் வீரரை அன்றைக்குக் காகிதத்தில் மட்டும் கீழே அனுப்புவார்கள். கெடு கடந்ததும் காகிதத்திலேயே மேலே அழைத்துக்கொள்வார்கள். பையன் தன் வீட்டைவிட்டு நகர்ந்திருக்கவே மாட்டான். ஆனால் கீழே ஆடும் தகுதி அவன் பெயரில் ஒட்டிக்கொண்டுவிடும். இது தவிர ஏ.எச்.எல். அணியும் சீசன் முடியச் சில வாரங்களுக்கு முன் 22 பேர் கொண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். பணக்கார அணி ஏதோ ஒன்று கடைசி நேரத்தில் புதிய ஆட்களை வாங்கிக் குவிப்பதைத் தடுக்கத்தான் இந்த வேலி.

இதன் பலனை 2024இல் நேராகப் பார்க்கலாம். அந்த ஆண்டு வாஷிங்டன் ஸ்டான்லி கோப்பைப் பிளே-ஆஃபுக்குள் நுழைந்தது. லபியேர் அங்கே ஆடிக்கொண்டிருந்தார். முதல் சுற்றிலேயே நியூயார்க் ரேஞ்சர்ஸ் 4-0 என்று வாஷிங்டனை வெளியேற்றியது. வாஷிங்டனுக்குத் துக்கம். ஹெர்ஷிக்கோ முதல் சுற்று ஓய்வு முடிந்து ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குச் சரியாக லபியேர் கிடைத்தார். அந்தப் பிளே-ஆஃபின் சிறந்த வீரர் பரிசை அவரே வாங்கினார்.

ஆகவே மைனர் லீக் ரசிகரின் நிலைமை விசித்திரமானது. தாய் அணி வென்றால் தன் ஊர்ப் பையன்கள் மேலே மின்னுவதைப் பார்க்கலாம். தோற்றால் அவர்கள் திரும்பி வந்து தன் ஊருக்குக் கோப்பை வாங்கித் தரக்கூடும். ஏப்ரல் மாதம் முழுக்க இரண்டு மனம். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகள் இன்னும் பத்து நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைக்கும் மனம்போல இது என்று எனக்குத் தோன்றும். போக வேண்டியவள்தான், போனால்தான் நல்லது, ஆனாலும்.

ஹெர்ஷி மக்களின் ஒட்டுதலுக்கு இன்னொரு சாட்சி: ஆண்டுக்கொரு முறை, சீசனின் நடுவில், உள்ளூர் அணி முதல் கோல் அடித்ததும் ரசிகர்கள் தாங்கள் கொண்டுவந்த கரடி பொம்மைகளை ஐஸ்மேல் எறிவார்கள். அவ்வளவும் அறக்கட்டளைகளுக்குப் போகும். 2025 ஜனவரியில் எண்ணியபோது 1,02,343 பொம்மைகள். அரங்கத்தில் உட்கார இடமோ பத்தாயிரத்துச் சொச்சம் பேருக்குத்தான்.

அடுத்த அக்டோபர்

கோப்பை வென்ற அணி அடுத்த சீசனில் அதே அணியாக இருக்காது. 2023 வெற்றிக்குப் பிறகு மெக்மைக்கேல் நிரந்தரமாக வாஷிங்டனுக்குப் போய்விட்டார். ஷெப்பர்ட் அந்த அக்டோபரில் தன் முதல் என்.எச்.எல். ஆட்டத்தை ஆடினார். ஹெர்ஷியின் பயிற்சியாளர் டாட் நெல்சன் மீதமிருந்தவர்களையும் புதியவர்களையும் வைத்து மறுபடி தொடங்கினார். 72இல் 53 வெற்றி, 111 புள்ளி. பிளே-ஆஃபில் கிளீவ்லாந்துக்கு எதிராக 3-0 என்று முன்னிலை பெற்று, பிறகு மூன்றையும் வரிசையாகத் தோற்று, ஏழாவது ஆட்டத்தில் தப்பித்தது. இறுதியில் எதிரே நின்றது மறுபடியும் கோச்செல்லாதான்.

இம்முறை 2-3-2 தலைகீழ். தொடங்குவதும் முடிவதும் ஹெர்ஷியில். 2024 ஜூன் 24, ஆறாவது ஆட்டம், 4-4, கூடுதல் நேரம். கோல் அடித்தவர் மேட் ஸ்ட்ரோம். அவருக்கு இரண்டு அண்ணன்கள், ரையனும் டிலனும், இருவரும் என்.எச்.எல். வீரர்கள். டிலன் ஆடுவது தாய் அணியான வாஷிங்டனிலேயே. மேட் அதுவரை என்.எச்.எல்.லில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. பக் வலைக்குள் போனதும் அரங்கத்திலிருந்த பத்தாயிரம் பேரும் எழுந்து நின்று கத்தியது அவர் பெயருக்காக.